அழகாக உடுத்தலாம், குறைவாக வாங்கலாம்: சூழலுக்கு உகந்த உடை அலமாரிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சூழலுக்கு உகந்த வாழ்க்கை என்றதும் பலருடைய மனதில் நிறமே இல்லாத ஒரு காட்சி வந்து நிற்கிறது. சாம்பல் குர்தா, சணல் பை, நகை கிடையாது, கண்ணுக்கு மை கிடையாது. "அதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அரக்குக் கரை வைத்த மாம்பழ மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு தெருவில் இறங்குவதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதை யாரும் விட வேண்டியதில்லை. தனக்கு எது எடுப்பாக இருக்கும் என்று தெளிவாகத் தெரிந்தவர்தான் குறைவாக வாங்குகிறார்; வாங்கியதை வருடக்கணக்கில் ஆசையாக உடுத்துகிறார். அது தெரியாதபோதுதான் தள்ளுபடிக்குத் தள்ளுபடி வாங்கிக் குவிக்கிறோம். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஸ்டைலை முன்னால் வைத்தே போகிறது.

துணியில் ஏன் தொடங்க வேண்டும்

திருப்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு நொய்யல் ஆற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. பருத்தியில் சாயம் ஏற வேண்டுமானால் ஏராளமாக உப்பு சேர்க்க வேண்டும். துணியில் பிடிக்காத சாயமும் அந்த உப்பும் கழிவுநீரோடு வெளியே போகும். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே கட்டி 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, சில வருடங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. சுற்றியிருந்த கிணறுகளும் நிலமும் உப்பேறின. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாமல் சுத்திகரிக்கும் ஏற்பாடு இல்லாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அந்தச் சுத்திகரிப்பு சும்மா நடப்பதில்லை. நீரைப் பிரிக்க, உப்பை வற்றவைத்து எடுக்க, மின்சாரத்துக்கு என்று செலவு இழுத்துக்கொண்டே போகும். 99 ரூபாய்க்கு டி-சர்ட் தொங்குவதைப் பார்த்தால் இந்தச் செலவை யார் கொடுத்தார்கள் என்று கேட்டுப்பாருங்கள். பெரும்பாலும் யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஏதோ ஓர் ஊரின் கிணறு கொடுத்திருக்கும்.

பருத்தி விளைவதிலிருந்து தைத்து முடிப்பதுவரை ஒரு டி-சர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் என்று உலக இயற்கை நிதியம் கணக்குச் சொல்கிறது. அந்தத் தண்ணீர் ஏற்கெனவே செலவாகிவிட்டது. நம் கையில் இருப்பது, அதை எத்தனை முறை உடுத்துகிறோம் என்பது மட்டும்தான். அதனால்தான் முதல் படி கடையில் இல்லை, வீட்டில் இருக்கிறது.

படி 1: இருப்பதையெல்லாம் கட்டிலில் போடுங்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். அலமாரி, பீரோ, கட்டிலுக்கு அடியில் இருக்கும் சூட்கேஸ், கொடியில் காய்வது, எல்லாவற்றையும் ஓர் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மூன்றாகப் பிரியுங்கள்: அடிக்கடி உடுத்துவது, எப்போதாவது உடுத்துவது, தொடாமலே கிடப்பது.

முதல் குவியலை உற்றுப் பாருங்கள். உங்கள் ஸ்டைல் அங்கேதான் இருக்கிறது. பத்திரிகையிலோ ஃபோனிலோ இல்லை. அந்தத் துணிகளுக்குள் எது பொதுவாக இருக்கிறது என்று எழுதுங்கள். கழுத்து எப்படி? கை முழங்கைவரையா, அதற்கு மேலா? உயரம் எவ்வளவு? கரை அகலமா, ஒற்றை விரல் அளவா? கட்டமா, பூவா, ஒரே நிறமா? ஒருவருக்கு எல்லாமே முழங்கைக் கை வைத்த அடர்நிற ஜாக்கெட், மெல்லிய கரைப் புடவை என்று வரும். இன்னொருவருக்கு எல்லாச் சட்டையும் நீலத்தின் ஏதோ ஒரு சாயலாகவே இருக்கும். நான்கு வரிக்குள் எழுதி ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். இனி கடைக்குப் போகும்போது அந்த நான்கு வரிதான் துணை.

பிறகு மூன்றாவது குவியல். ஒவ்வொன்றையும் ஏன் தொடவில்லை என்று கேளுங்கள். பதில்கள் சின்னச் சின்னதாக இருக்கும். அக்குளில் பிடிக்கிறது. ஹூக் போய்விட்டது. அதற்கு ஏற்ற ஜாக்கெட் இல்லை. நெஞ்சில் மஞ்சள் கறை. நிறம் முகத்துக்கு ஒட்டவில்லை. இதில் கடைசிக் காரணத்தைத் தவிர மற்றதெல்லாம் சரிசெய்யக் கூடியவை.

இந்தப் படியில் எதையும் வெளியே போடாதீர்கள். 'இனி இயற்கை வாழ்க்கை' என்று முடிவெடுத்த வேகத்தில் பாலியஸ்டர் புடவைகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டு, அலமாரி நிறையக் கைத்தறி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நோக்கம் நல்லது, காரியம் தலைகீழ். இருக்கிற பாலியஸ்டர் புடவையை இன்னும் பத்து வருடம் கட்டுவதுதான் அதற்குச் செய்யும் நியாயம்.

படி 2: ஒரு நல்ல தையல்காரரைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். நாம் 'ஸ்டைலாக இருக்கிறார்' என்று திரும்பிப் பார்ப்பவர்களில் பாதிப்பேர் விலையுயர்ந்த துணி போட்டிருப்பதில்லை. உடம்புக்குச் சரியாக உட்காரும் துணி போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் தெருவுக்கு ஒரு தையல் கடை இருக்கிறது. இந்த வசதி உலகத்தில் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

புதிதாகத் தைக்கும்போதே பின்னால் பிரிப்பதற்கு வழிவைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். கடையில் பேச்சு இப்படிப் போகும்:

"அண்ணா, ரெண்டு பக்கமும் ரெண்டு இன்ச் உள்ள விட்டுத் தைங்க."

"விடலாம்மா. லைனிங்கையும் அதே அளவு விட்டாத்தான் பின்னாடி பிரிக்க முடியும். துணி பத்துமான்னு பாக்கறேன்."

அவர் சொல்வது முக்கியமான விஷயம். மேல் துணியை மட்டும் விட்டு லைனிங்கை ஒட்ட வெட்டிவிட்டால் உடம்பு கொஞ்சம் கூடியதும் அந்த ஜாக்கெட் கதை முடிந்தது. இரண்டும் உள்ளே இருந்தால், இரண்டு மூன்று தையல் கோடுகளாகப் போட்டு வைத்து, தேவைப்படும்போது ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்குத் தைத்த ஜாக்கெட் பிள்ளை பெற்ற பிறகும் உடம்புக்கு வருவது இப்படித்தான். கைக்கும் அதேபோல் கொஞ்சம் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள்.

எதை மாற்ற முடியும், எதை முடியாது என்று தெரிந்திருப்பதும் நல்லது. பக்கவாட்டைப் பிடிக்கலாம், விடலாம். உயரத்தைக் குறைக்கலாம். பேன்ட்டின் இடுப்பை, பின் தையலில் துணி இருந்தால், ஓர் அங்குலம்வரை விடலாம். தோள்பட்டையைத் தொடுவது கடினம். கழுத்துப்பட்டை, கை இரண்டையும் பிரித்து மறுபடி ஏற்ற வேண்டும், கூலியும் ஆகும். ஆகவே ரெடிமேட் சட்டை வாங்கும்போது தோள் தையல் சரியாகத் தோளின் விளிம்பில் உட்காருகிறதா என்பதை மட்டும் கறாராகப் பாருங்கள். இடுப்பு தொளதொளவென்று இருந்தால் பரவாயில்லை.

ஆண்களின் முழுக்கைச் சட்டை முதலில் தேய்வது காலரின் மடிப்பில். மற்ற துணியெல்லாம் புதிதாகவே இருக்கும், அந்த ஒரு கோடு மட்டும் நைந்து வெள்ளையாகத் தெரியும். அந்தக் காலத்தில் காலரைப் பிரித்துத் திருப்பித் தைப்பார்கள். நைந்த பக்கம் அடியில் போய்விடும், மேலே புதுக் காலர். வயதான தையல்காரர்களிடம் கேட்டால் இன்றும் செய்து தருவார்கள். வெள்ளைச் சட்டைதான் என் அடையாளம் என்று இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல செய்தி இல்லை.

பட்டிலும் நல்ல கம்பளியிலும் விழுந்த சிறு ஓட்டைகளுக்கு ரஃபு போடுபவர்களைத் தேடுங்கள். அதே துணியின் உள்ளோரத்திலிருந்து இழை எடுத்து நெய்தது போலவே அடைத்துவிடுவார்கள். பருத்தியில் ஓட்டை என்றால் மறைக்கக் கூட வேண்டாம். மேலே ஒரு சின்ன எம்ப்ராய்டரி பூவோ, வேறு நிறத்தில் ஒட்டுத்துணியோ வைத்துத் தைத்தால் அந்தக் குர்தா உங்களுடையது என்று தூரத்திலிருந்தே தெரியும்.

படி 3: சேர்மானத்தை மாற்றுங்கள்

ஒரு புடவைக்கு ஒரே ஜாக்கெட் என்ற பழக்கம்தான் அலமாரியை வீங்கவைக்கிறது. புடவையோடு வரும் துணியில் அப்படியே தைத்துக்கொண்டால் அந்த ஜோடி எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்குப் பதிலாக எதனோடும் போகும் நான்கைந்து ஜாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு கறுப்பு, ஒரு அரக்கு, ஒரு கலம்காரி, ஒரு இக்கத், தங்க நிறத்தில் ஒன்று. பத்துப் புடவை இருந்தால் ஐம்பது விதமாகக் கட்டலாம் என்ற கணக்கு இதில்தான் வருகிறது. எல்லாச் சேர்மானமும் பொருந்தாது, உண்மை. பாதி பொருந்தினாலே ஒரு வருடத்துக்குப் போதும்.

கட்டும் விதத்தையும் மாற்றலாம். முந்தானையை மடிப்பெடுத்துப் பின் குத்தினால் அலுவலகம், ஒற்றையாக விட்டால் மாலை விருந்து. செட்டிநாட்டுக் கண்டாங்கியைக் கொசுவத்தைப் பின்னால் வைத்துக் கட்டிய ஆச்சிமார்களின் படங்களைப் பாருங்கள், அந்த மிடுக்குக்கு இன்றும் ஈடில்லை. வேட்டி கட்டுபவர்கள் கரையின் நிறத்தைச் சட்டையோடு சேர்த்துப் பார்த்தாலே போதும். மயில்கழுத்து நிறக் கரைக்கு ஒரு பழைய வெளிர்மஞ்சள் சட்டை புதிதாகத் தெரியும்.

"போன கல்யாணத்துக்கும் இதேதானே கட்டினே?" என்று கேட்பவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. "ஆமாம் அத்தை, எனக்குப் பிடிச்ச புடவை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். ஃபோட்டோவுக்காக ஒரு முறை கட்டிவிட்டு மடித்து வைக்கும் வழக்கம் நம் பாட்டிமார்களுக்கு இருந்ததில்லை.

படி 4: துவைப்பதைக் குறையுங்கள், பராமரிப்பதைக் கூட்டுங்கள்

துணி உடுத்துவதால் மட்டும் தேய்வதில்லை, துவைப்பதாலும் தேய்கிறது. நம் வெயிலுக்கு உள்ளாடை, ஜாக்கெட், சட்டை இவற்றை உடுத்தியதும் துவைக்கத்தான் வேண்டும். புடவை, ஜீன்ஸ், துப்பட்டா அப்படியல்ல. கழற்றியதும் நிழலில் கொடியில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டால் மறுபடி கட்டலாம்.

பாலியஸ்டர், நைலான், அக்ரிலிக் துணிகள் ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகளைத் தண்ணீரில் விடும். பச்சைத் தண்ணீரில், இயந்திரம் நிறையும் அளவுக்குத் துணி சேர்த்து, மென்மையான சுழற்சியில் துவைத்தால் இது குறையும். முரட்டுத்தனமாகத் தேய்க்க வேண்டாம்.

புதுப் பருத்திப் புடவையை முதல் இரண்டு மூன்று முறை தனியாக அலசுங்கள். கல் உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். இன்றைய சாயங்களில் அதனால் பெரிய பலன் இல்லை. தனியாக அலசுவதுதான் மற்ற துணியைக் காப்பாற்றும். காயவைக்கும்போது உள்பக்கம் வெளியே தெரிய, நிழலில் போடுங்கள்.

கஞ்சி போட்ட பருத்திப் புடவையின் நிற்பு வேறெந்தத் துணிக்கும் வராது. அதற்கு ஸ்ப்ரே வாங்க வேண்டியதில்லை. சோறு வடித்த கஞ்சியை வடிகட்டி, தண்ணீர் கலந்து, துவைத்த புடவையை முக்கிப் பிழிந்து உதறிக் காயப்போடுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போட்டால் மடிப்பு நிற்கும். ஜவ்வரிசிக் கஞ்சி இன்னும் விறைப்பாக இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் எடுக்காமல் வைக்கப்போகும் துணிக்குக் கஞ்சி வேண்டாம், பூச்சி தேடி வரும்.

பட்டுப் புடவைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காஞ்சிப் பட்டு கிழிவது பெரும்பாலும் மடிப்பில்தான். ஒரே மடிப்பில் பல வருடம் கிடந்தால் ஜரிகையின் கனத்தில் அந்தக் கோடு நெடுக இழை விட்டுவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை எடுத்து, காற்றாட விட்டு, வேறு இடத்தில் மடிப்பு வரும்படி மாற்றி மடியுங்கள். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் உறையில் வேண்டாம். அந்துருண்டை ஜரிகையைத் தொடக் கூடாது. அதற்குப் பதில் வசம்புத் துண்டோ கிராம்போ ஒரு சின்னத் துணியில் முடிந்து போடலாம். சென்ட்டைப் புடவை கட்டுவதற்கு முன்பே அடித்துக்கொள்ளுங்கள், ஜரிகையில் பட்டால் கறுக்கும். வீட்டில் அலசக்கூடிய பட்டு என்றால் பூந்திக்கொட்டையை இரவே ஊறவைத்துக் கசக்கி எடுத்த நுரைத் தண்ணீர் போதும்.

கறைகளில் நம் வீடுகளுக்கே உரியது மஞ்சள் கறை. சோப்பு பட்டதும் அது சிவந்துபோகும், பயப்பட வேண்டாம். நன்றாக அலசி, கறை படிந்த பக்கம் நேராக வெயில் படும்படி காயப்போடுங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் நிற்காது, இரண்டு மூன்று வெயிலில் போய்விடும். எண்ணெய்க் கறை என்றால் உடனே முகப்பவுடரோ கடலைமாவோ தூவி, எண்ணெயை இழுக்கவிட்டு, பிறகு சோப்பு போடுங்கள்.

படி 5: போகாத கறைக்கு நிறம் மாற்றுங்கள்

கறை போகவில்லை, வெள்ளை பழுப்பேறிவிட்டது, ஆனால் துணி நன்றாக இருக்கிறது. இப்படி ஒரு குர்தாவோ சட்டையோ எல்லா வீட்டிலும் இருக்கும். கடுக்காயும் இரும்பும் கொண்டு அதைச் சாம்பல் நிறமாகவோ கரும் நிறமாகவோ ஆக்கலாம். கலம்காரிக் கலைஞர்கள் கறுப்புக் கோடு போடுவது இந்த முறையில்தான். பருத்தி, லினன், விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து எடுக்கும் இழை) துணிகளுக்குச் சரிவரும். பாலியஸ்டருக்கு நடக்காது.

முதலில் இரும்புத் தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீரில் நூறு கிராம் வெல்லமும் ஒரு கைப்பிடி துருப்பிடித்த ஆணியும் போட்டு, மூடியை இறுக்காமல், ஒரு மூலையில் இரண்டு வாரம் வையுங்கள். புளித்து நுரைக்கும், நாற்றமும் அடிக்கும். வெளியே வைப்பது நல்லது. பிறகு வடிகட்டிக்கொள்ளுங்கள்.

துணியில் கஞ்சியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் சாயம் திட்டுத்திட்டாக ஏறும். அதனால் சலவை சோடாவும் சோப்பும் போட்டு அரைமணி நேரம் கொதிக்கவைத்து நன்றாக அலசுங்கள்.

கால் கிலோ எடையுள்ள துணிக்கு ஐம்பது கிராம் கடுக்காய்ப் பொடி. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். துணி தாராளமாக மூழ்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, ஈரத்துணியைப் போட்டு, அவ்வப்போது புரட்டி, இரவு முழுக்க விடுங்கள். காலையில் பிழிந்து, அலசாமல் காயப்போடுங்கள். துணி வெளிர் மஞ்சளாக இருக்கும். அந்த நிறமே பிடித்திருந்தால் இங்கேயே நிறுத்தி லேசாக அலசிக்கொள்ளலாம். கறை மறைய வேண்டுமானால் அடுத்த வேலைக்குப் போங்கள்.

பழைய பிளாஸ்டிக் வாளி ஒன்றில் தண்ணீர் எடுத்து, முதலில் ஒரு டம்ளர் இரும்புத் தண்ணீர் மட்டும் கலந்து, கையுறை போட்டுக்கொண்டு துணியை முழுதாக முக்குங்கள். கண் முன்னாலேயே மஞ்சள் போய்ச் சாம்பல் வரும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கறுப்பாகும் வேதியியல் இது. துணி நிற்காமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் மடிப்புக்கு மடிப்பு நிறம் மாறும். ஐந்து நிமிடத்தில் எடுத்து, காற்றாட விட்டு, நிறம் போதவில்லை என்றால் இன்னொரு டம்ளர் சேர்த்து மறுபடி முக்குங்கள். கறுக்க வேண்டும் என்று இரும்பை அள்ளிக் கொட்டினால் நூல் நைந்துவிடும். அடர் சாம்பலோடு நிறுத்துவதுதான் துணிக்கு நல்லது. கடைசியில் நிறையத் தண்ணீரில் அலசி, மெல்லிய சோப்பில் ஒரு முறை துவையுங்கள்.

ரெடிமேட் துணிகளைத் தைக்கும் நூல் பெரும்பாலும் பாலியஸ்டர் என்பதால் தையல் மட்டும் வெள்ளையாக நிற்கும். கரும்சாம்பல் சட்டையில் வெள்ளைத் தையல் ஓடுவது பார்க்கவே அழகாக இருக்கும், அதற்கென்று காசு கொடுத்து வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

படி 6: வாங்கும் நாளில்

வாங்கக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். நெசவாளர் நெய்ததை யாராவது வாங்கத்தான் வேண்டும். மூன்று கேள்விகள் மட்டும். ஃபோனில் இருக்கும் அந்த நான்கு வரிக்குள் இது வருகிறதா? வீட்டில் இருக்கும் மூன்று துணியோடாவது சேருமா? முப்பது முறை உடுத்துவேனா? 400 ரூபாய் டாப்ஸை நான்கு முறை போட்டால் ஒரு தடவைக்கு நூறு ரூபாய். 2,400 ரூபாய்ப் புடவையை எண்பது முறை கட்டினால் முப்பது ரூபாய்.

பெயர்களில் ஏமாறாதீர்கள். 'ஆர்ட் சில்க்', 'செமி சில்க்' என்று எழுதியிருப்பவை பெரும்பாலும் பாலியஸ்டரோ விஸ்கோஸோதான். 'மூங்கில் துணி' என்று பச்சை இலை படம் போட்டு விற்பதும் அநேகமாக விஸ்கோஸ்தான். மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழையாக்கியது. சந்தேகமாக இருந்தால் ஓரத்திலிருந்து இரண்டு நூல் உருவி, கையில் பிடிக்காமல் இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலாகும். பட்டு, முடி கருகும் நாற்றம் அடிக்கும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, கறுப்பாகக் கெட்டி மணியாகிவிடும். விஸ்கோஸும் பருத்தி போலவே எரியும் என்பதால் இந்தச் சோதனையில் அந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

முத்திரைகளில் பட்டுக்கு சில்க் மார்க், கைத்தறிக்கு 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் இரண்டையும் பாருங்கள். 'ஆர்கானிக்' என்றால் ஜிஓடிஎஸ் (GOTS) என்ற உலகத் தரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். அதில் குறைந்தது 70 சதவீதம் இயற்கை வேளாண்மையில் விளைந்த நாராக இருக்க வேண்டும், சாயத்துக்கும் கழிவுநீருக்கும் விதிகள் உண்டு. ஓகோ-டெக்ஸ் சான்றுகளில் அதிகம் கண்ணில் படுவது, முடிந்த துணியில் உடலுக்குக் கேடான பொருள் இருக்கிறதா என்று சோதித்துத் தருவது. நல்லதுதான், ஆனால் அந்தத் துணி எந்த ஆற்றைக் கெடுத்தது என்று அது சொல்லாது.

எதை வாங்கலாம் என்று கேட்டால் உங்கள் ஸ்டைலைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும். தைரியமான நிறமும் பெரிய கட்டமும் பிடித்தவருக்குக் காரைக்குடிக் கண்டாங்கி. துவைக்கத் துவைக்க மெருகேறும், 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அடக்கமான அழகு வேண்டுமானால் மதுரைச் சுங்குடி. கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய உண்மையான சுங்குடியில் ஒரு புள்ளி போல் இன்னொன்று இருக்காது. எல்லாப் புள்ளியும் அச்சாக ஒரே மாதிரி இருந்தால் அது அச்சடித்தது. அலுவலகத்துக்கு மொடமொடப்பாக வேண்டும் என்பவருக்கு நெகமம் காட்டன், லேசான பளபளப்பு வேண்டுமானால் கோவைக் கோரா. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் கடைகளில் இவற்றில் பலவும் கிடைக்கும், விலையும் வெளிப்படையாக இருக்கும்.

இயற்கைச் சாயம் என்பதற்காகவே எதையும் வாங்கிவிடாதீர்கள். நிறத்தைப் பிடிக்கவைக்கப் படிகாரம் பயன்படுத்தினார்களா, குரோமிய உப்பா என்று கேளுங்கள். குரோமியம் என்றால் 'இயற்கை' என்ற சொல்லுக்கு அங்கே வேலையில்லை.

கல்யாணம், வரவேற்பு போன்றவற்றுக்கு இரவல் வாங்குவது நம் வீடுகளில் எப்போதும் இருந்த வழக்கம்தான். சித்தியின் பழைய அரக்குப் பட்டில் இருக்கும் கனமும் நிறமும் இன்றைக்குக் கடையில் தேடினாலும் கிடைக்காது. அளவு பார்த்துத் தைத்த ஜாக்கெட் மட்டும் உங்களுடையதாக இருந்தால் போதும். ஒரே நாள் போடும் லெஹங்கா, ஷெர்வானிக்கு வாடகைக் கடைகள் இருக்கின்றன.

செருப்பு, பை விஷயத்தில் சுத்தமான பதில் எதுவும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது 1996-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. தோலுக்கு மாற்று என்று விற்கும் பியூ (பாலியூரித்தேன்) செருப்புகளோ பிளாஸ்டிக், நம் ஊர் ஈரப்பதத்தில் சில வருடங்களில் உரிந்து கொட்டும். அடி மாற்றித் தைக்கக்கூடிய ஜோடியாகப் பார்த்துக் குறைவாக வாங்குங்கள். தெருமுனையில் செருப்பு தைப்பவரிடம் ஒட்ட வேண்டாம், தைத்தே கொடுங்கள் என்று சொல்லுங்கள். பைக்கு, பவானி ஜமக்காளத்தில் தைத்தது கிடைத்தால் விடாதீர்கள். அந்தக் கோடுகளுக்கு முன்னால் எந்த பிராண்டும் நிற்காது.

படி 7: கடைசியாக விடைகொடுக்கும்போது

பட்டுப் புடவையின் உடல் கிழிந்த பிறகும் கரையும் முந்தானையும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஜரிகைக்காகப் பழைய பட்டு வாங்குபவரிடம் எடைக்குப் போடுவதற்கு முன்னால் யோசியுங்கள். கரையைப் பிரித்துப் புதிய பட்டுத் துணியில் வைத்துத் தைக்கலாம், முந்தானையில் ஒரு ஜாக்கெட் வரும், நல்ல பகுதியில் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை வரும். பருத்திப் புடவை மெத்தென்று ஆனபிறகுதான் தூளிக்கும் குழந்தைத் துணிக்கும் சரியாக இருக்கும். வேட்டி இட்லித் துணியாகும், தயிர் வடிகட்டும்.

பிறருக்குக் கொடுப்பதென்றால் நீங்களே உடுத்தத் தயங்காத நிலையில் கொடுங்கள்: துவைத்து, பட்டன் வைத்து, ஜிப் சரிசெய்து. கிழிந்ததைக் கொடுத்தால் அது வாங்கியவர் வீட்டுக் குப்பையாகும், அவ்வளவுதான். உடுத்த முடியாதவற்றிலிருந்து பட்டன், ஹூக், ஜிப், லேஸ் எல்லாவற்றையும் வெட்டி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். தனிப் பருத்தி, தனிக் கம்பளி என்றால் பழைய துணி எடுப்பவர் வழியாக மறுநூற்பு ஆலைகளுக்குப் போக வழியுண்டு. ஹரியானாவின் பானிப்பட்டில் பழைய துணியைப் பிய்த்து மறுபடி நூலாக்கிக் கம்பளம் நெய்வதே பெரிய தொழில். இழுத்தால் நீளும் லைக்ரா கலந்தவற்றைப் பிரிப்பது கடினம். அவற்றைத் துண்டாக வெட்டித் தலையணைக்கோ திண்டுக்கோ அடைத்துவிடுங்கள். எதையும் எரிக்க வேண்டாம். பாலியஸ்டர் எரியும் புகை நமக்கும் பக்கத்து வீட்டுக்கும் கேடு.